ராத்திரி மூணு மணிக்கு பாத்ரூம் போகும் வழி

வீட்டில் பெரியவர் ஒருவர் விழுந்துவிட்டார் என்றால் நம் வாயில் முதலில் வருவது, “பார்த்து நடக்கக் கூடாதா?” என்பதுதான். அடுத்து வருவது, “இனிமே நீங்க எழுந்திரிக்கவே வேண்டாம், என்ன வேணுமோ கேளுங்க, நாங்க எடுத்துத் தர்றோம்.” இரண்டும் பாசத்தில் சொல்வதுதான். ஆனால் இரண்டும் தப்பு. ஏன் என்று சொல்கிறேன். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நீளமான விஷயம்.

முதலில், பெரியவர்கள் பார்க்காமல் நடப்பதில்லை. நம்மைவிடப் பயந்து பயந்துதான் காலை வைக்கிறார்கள். 65 வயதைக் கடந்தவர்களில் 28 முதல் 35 சதவீதம் பேர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிட்டத்தட்ட மூன்று பேரில் ஒருவர். இத்தனை பேரும் அஜாக்கிரதைக்காரர்களாக இருக்க முடியுமா? விழுவதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலும் ஒன்றல்ல, மூன்று நான்கு காரணங்கள் ஒரே நேரத்தில் கைகோத்துக்கொள்கின்றன. அவற்றில் பலவற்றைக் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்தால் சரி செய்யலாம்.

நாம் நேராக நிற்பதற்கு உடம்பு மூன்று இடங்களிலிருந்து சேதி வாங்குகிறது. கண், உள்காது, பாதம். தரை எங்கே இருக்கிறது என்று கண் சொல்லும். தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று உள்காது சொல்லும். காலடியில் மேடா பள்ளமா, ஈரமா என்று பாதம் சொல்லும். இளம் வயதில் இதில் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் சமாளித்துவிடும். வயதானவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். கண்ணில் புரை. இருபது வருடச் சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருக்கிறது. அவர் விளக்கைப் போடாமல் எழுந்தால் அந்தக் கொஞ்ச நஞ்சப் பார்வையும் போய்விடுகிறது. பிறகு எதை நம்பி நடப்பார்?

அதனால்தான் ராத்திரி நேரம் முக்கியம். பெரியவர்கள் ஏன் ராத்திரியில் அத்தனை தடவை எழுந்திருக்கிறார்கள்? பகலெல்லாம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்ததில் காலில் இறங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிறது. ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் வேறு. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் அது வேறு. நீர் பிரிவதற்கான மாத்திரையைச் சாயங்காலம் போட்டுக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இதற்குப் பயந்து பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அது இன்னும் மோசம். உடம்பில் நீர் வற்றினால் எழுந்து நின்றதும் பிரஷர் சரசரவென்று இறங்கும். பகலில் நன்றாகக் குடித்துவிட்டுப் பொழுது சாய்ந்தபின் அளவைக் குறைத்துக்கொள்வதே சரி. இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு வேலை செய்யுங்கள். இன்று ராத்திரி உங்கள் வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, அப்பாவோ அம்மாவோ படுக்கும் இடத்திலிருந்து பாத்ரூம் வரை நீங்களே நடந்து பாருங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நடந்தால் இன்னும் நல்லது.

முதலில் கட்டில். விளிம்பில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். கால் தொங்கினால் கட்டில் உயரம். முழங்கால் இடுப்புக்கு மேலே போனால் தாழ்வு. கை எட்டும் தூரத்தில் மூக்குக்கண்ணாடி, டார்ச் அல்லது ஸ்விட்ச், ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கின்றனவா? இல்லாவிட்டால் கண்ணாடியைத் துழாவுவதிலேயே பாதித் தடுமாற்றம் ஆரம்பித்துவிடும். பெரியவருக்கு வேட்டி அவிழ்ந்து காலில் சுற்றும். அம்மாவின் நைட்டி கணுக்காலுக்குக் கீழே தரையைக் கூட்டிக்கொண்டிருக்கும். நைட்டியின் கீழ்மடிப்பை நாலு விரற்கடை ஏற்றித் தைத்துவிடலாம், அரை மணி நேர வேலை.

அடுத்து நடைபாதை. மொபைல் சார்ஜர் வயர், மடக்கி வைத்த நாற்காலி, பேரன் விட்டுப்போன பொம்மைக் கார். அப்புறம் நம் வீடுகளுக்கே உரிய நிலைப்படி. பகலில் கால் தானாகவே தூக்கித் தாண்டிவிடும். தூக்கக் கலக்கத்தில் கட்டைவிரல் தட்டும். அதன் விளிம்பில் பளிச்சென்று மஞ்சள் பெயிண்ட் ஒரு கோடு அடித்தால் போதும், கண்ணுக்குப் படும். பாத்ரூம் வாசலில் போட்டிருக்கும் கால்மிதி, பழைய துண்டையோ சேலையையோ மடித்துப் போட்டதாக இருந்தால் அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வழுக்காத ரப்பர் அடிப்பாகம் உள்ளதை வாங்கிப் போடுங்கள். வழி நெடுக மங்கலாக எரியும் ராத்திரி விளக்கு இரண்டு இருந்தால் கரண்ட் பில்லில் ஒன்றும் தெரியாது.

இப்போது பாத்ரூம். ஒரு படி இறங்க வேண்டும். தரை வழவழ டைல்ஸ், அதன் மேல் சோப்புத் தண்ணீர். சனிக்கிழமையானால் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்துகொள்ளும். காலை வைத்ததும் உடம்பு ஆடுகிறது, கை எதையாவது பிடிக்கப் போகிறது. எதைப் பிடிக்கும்? துண்டு போடும் கம்பியை. அது இரண்டு குட்டி ஸ்க்ரூவில் நிற்பது. துண்டைத் தாங்கும், ஆளைத் தாங்காது. பெரியவரும் கம்பியும் சேர்ந்தே கீழே வருவார்கள். அந்த இடத்தில் வேண்டியது சுவருக்குள் ஆங்கர் போல்ட் அடித்து இறுக்கிய கைப்பிடிக் கம்பி. கடையில் காற்றை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் கைப்பிடியும் விற்கிறார்கள்; துளை போட வேண்டாம் என்பதால் வாங்கத் தோன்றும். அதை நம்பி ஆள் எடையைக் கொடுக்காதீர்கள். டாய்லெட் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று, உள்ளே நுழையும் இடத்தில் ஒன்று என மூன்று கம்பி போதும். இந்திய முறைக் கழிவறையை இடித்து மாற்ற வழியில்லையென்றால் அதன் மேல் வைத்துக்கொள்ளும் கமோடு நாற்காலி கிடைக்கிறது. கால்களின் அடியில் ரப்பர் புஷ்ஷோடு அசையாமல் நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நின்றுகொண்டு குளிப்பதைவிட ஸ்டூலில் உட்கார்ந்து குளிப்பது நல்லது. எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்தால் ரத்தக் குழாய் விரிந்து பிரஷர் இறங்கும். பலர் மயங்கி விழுவது அப்படித்தான்.

கடைசியாகத் தாழ்ப்பாள். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு விழுந்தால் கதவை உடைத்துத்தான் போக வேண்டும். கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால், விழுந்தவரே கதவுக்குக் குறுக்கே கிடப்பார். வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டைப் போடலாம். அதுவரை, “தாழ் போடாதீங்கப்பா, சும்மா சாத்திக்கோங்க, யாரும் வரமாட்டோம்” என்று சொல்லி அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

வீட்டைப் பார்த்தாயிற்று. அடுத்தது மாத்திரை டப்பா. பழைய ஸ்வீட் பாக்ஸிலோ மெடிக்கல் ஷாப் பையிலோ எல்லா அட்டையும் கிடக்கும். மொத்தத்தையும் மேஜையில் கொட்டுங்கள். பிரஷருக்கு ஒரு டாக்டர் எழுதியது, சர்க்கரைக்கு இன்னொருவர் எழுதியது, மூட்டுவலிக்கு ஒருவர், புராஸ்டேட்டுக்கு ஒருவர், தூக்கம் வரவில்லை என்று எப்போதோ பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்து இன்றுவரை ஓடிக்கொண்டிருப்பது ஒன்று. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. பிரஷர் மாத்திரையும் புராஸ்டேட் மாத்திரையும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். தூக்க மாத்திரையின் மிச்சம் விடியற்காலை வரை காலில் தள்ளாட்டமாக நிற்கும். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் சிலவும் அதே வேலையைச் செய்யும். சில சர்க்கரை மாத்திரைகள், சாப்பாடு தாமதமானால் சர்க்கரையைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடும்.

இன்னொன்றையும் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் அடிக்கடிக் கேட்கலாம்: “சோடியம் குறைஞ்சிருக்கு.” பிரஷருக்காகக் கொடுக்கும் நீர் மாத்திரைகளில் ஒரு வகை உப்பை வெளியேற்றும். வீட்டிலோ “பிரஷர்காரர்” என்று உப்பே இல்லாத சாப்பாடு போடுகிறோம். வாந்தி பேதி ஒரு நாள் வந்தால் கேட்கவே வேண்டாம். சோடியம் இறங்கினால் தள்ளாட்டம் வரும், பேச்சு குழறும், ஆளே குழம்பிப்போவார். வீட்டில் இருப்பவர்கள் “வயசாச்சு, ஞாபகம் போயிடுச்சு” என்று விட்டுவிடுவார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுகிற சமாச்சாரம் இது.

அதற்காக நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். டப்பாவை அப்படியே ஒரே ஒரு டாக்டரிடம் கொண்டுபோய், “இதில் எது வேணும், எது வேண்டாம், எதை நேரம் மாத்தலாம்?” என்று கேளுங்கள். பிரஷரை உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்த்தால் போதாது, நிற்க வைத்தும் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒன்றிரண்டு தடவை. மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அதுதான் “கண்ணைக் கட்டிக்கிட்டு வந்துச்சு” என்று அவர் சொன்னதன் பொருள். அப்படிப்பட்டவர் எழுந்ததும் உடனே நடக்கக் கூடாது. கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டி, நின்று, பத்து எண்ணிவிட்டுப் பிறகு நடக்க வேண்டும். மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடும் அப்படித்தான்; செரிமானத்துக்கு ரத்தம் வயிற்றுப் பக்கம் போவதால் அப்போதும் பிரஷர் இறங்கும்.

கண்ணாடியையும் பாருங்கள். மேலே தூரப் பார்வை, கீழே கிட்டப் பார்வை என்று இரண்டும் ஒரே கண்ணாடியில் இருந்தால், படி இறங்கக் குனியும்போது கீழ்ப்பாதி வழியாகப் பார்ப்பார். படி மங்கலாகத் தெரியும். வெளியே போகவும் படியிறங்கவும் தூரப் பார்வைக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். புரையைத் தள்ளிப்போடுவதில் லாபம் ஒன்றும் இல்லை.

சரி, முதல் வார்த்தை முடிந்தது. இரண்டாவது வார்த்தைக்கு வருவோம். “எழுந்திரிக்காதீங்க, உட்காருங்க.”

இதுதான் அதிகக் கெடுதல் செய்கிறது. அமெரிக்காவில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்கள் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-ல் வெளிவந்தது. பத்து நாளில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ அளவுக்குத் தசை கரைந்திருந்தது. நோயில்லாதவர்களுக்கே இந்தக் கதி. விழுந்த பயத்தில் ஒரு மாதம் உட்கார்ந்தவருக்குக் கால் பலம் குறையும். பலம் குறைந்தால் மறுபடி விழுவார். விழுந்தால் பயம் கூடும். வெளியே போவது நிற்கும், கோயில் நிற்கும், தெருமுனை நண்பர்கள் நிற்பார்கள். பிறகு சாப்பாடும் தூக்கமும் கெடும். விழாமல் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, சீக்கிரம் விழுவதற்கு நாமே வழி செய்கிறோம்.

உடற்பயிற்சி முதியவர்கள் விழுவதைக் கால் பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு குறைக்கிறது என்று, நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வறிக்கை 2019-ல் சொன்னது. வெறும் நடைப்பயிற்சி மட்டும் போதாது, சமநிலைக்கும் கால் பலத்துக்கும் தனியாகச் செய்ய வேண்டும். பெரிய ஜிம் எதுவும் தேவையில்லை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது பத்து தடவை. அதே மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் சில விநாடி நிற்பது, பிறகு அடுத்த கால். சுவரில் சாய்த்து வைத்த நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. முதலில் ஐந்து, பழகப் பழகப் பத்து. ஆரம்பத்தில் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு: நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது, ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பார்ப்பது நல்லது.

பயிற்சி செய்தால் மட்டும் தசை வந்துவிடாது, தட்டிலும் இருக்க வேண்டும். பல் போனதும் நம் பெரியவர்களின் சாப்பாடு இட்லி, ரசம் சாதம், கஞ்சி, பிஸ்கட்டும் டீயும் என்று சுருங்கிவிடுகிறது. வயிறு நிறையும், புரதம் இருக்காது. ஒரு வேளைக்கு ஒரு முட்டை, அல்லது நன்றாக வேகவைத்து மசித்த சுண்டல், கெட்டிப் பருப்பு, ஒரு கிண்ணம் தயிர், மீன் சாப்பிடுபவர்களுக்கு முள் எடுத்த மீன் என்று ஏதாவது ஒன்று சேர வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டர் சொல்லும் அளவு. பல்செட் ஆடினால் சரி செய்துவிடுங்கள். பல்லில் மிச்சம் பிடிக்கும் காசு காலில் செலவாகும்.

கைத்தடி என்றாலே பெரியவர்களுக்குக் கோபம் வரும். “எனக்கென்ன அவ்வளவு வயசாயிடுச்சா?” வற்புறுத்தாதீர்கள். கோயிலுக்குப் போகும்போது மட்டும், மழை ஈரத்தில் மட்டும் என்று ஆரம்பியுங்கள். ஆனால் தடியைச் சரியாக வாங்குங்கள். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகிறதோ அதுதான் கைப்பிடியின் உயரம். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முழங்கால் வலி என்றால் இடது கையில் தடி. பாதிப் பேர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். அடியில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்ததும் மாற்றுங்கள், விலை ஒன்றும் அதிகமில்லை. செருப்பும் அப்படியே. தொளதொளவென்ற ஹவாய் செருப்பை விடக் குதிகாலில் பட்டை வைத்தது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் விழுந்துவிட்டால்? பதறிப்போய் இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். முதலில் பேச்சுக் கொடுங்கள். எங்கே வலிக்கிறது, காலை அசைக்க முடிகிறதா என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கும். அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். “இந்த வயசுல ஆபரேஷனா, கட்டுப் போட்டுப் படுக்க வைச்சுடலாம்” என்று சொல்லச் சொந்தக்காரர் ஒருவர் கட்டாயம் வருவார். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்து எழுப்பி நடக்க வைப்பதுதான் உயிரைக் காப்பாற்றும். மாதக்கணக்கில் படுத்தால் படுக்கைப் புண்ணும் நிமோனியாவும் காலில் ரத்தக்கட்டும் வரும். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு உடைந்தது என்றால் எலும்புத் தேய்மானம் இருக்கிறது என்று பொருள். அதற்குத் தனியாக மருந்து உண்டா என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.

தலையில் அடிபட்டிருந்தால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூளைக்கு மேலே மெதுவாகக் கசியும் ரத்தம் சில வாரங்கள் கழித்துக்கூடத் தலைவலியாக, மந்தமாக, தள்ளாட்டமாகத் தெரியவரும். ஒருவர் திடீரென்று இரண்டு மூன்று நாளில் பல தடவை விழுகிறார் என்றால் அது வேறு ஏதோ நோயின் அறிகுறி. முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ வந்தால் காய்ச்சலே இல்லாமல், குழப்பமாகவும் விழுவதாகவும் மட்டுமே தெரியலாம்.

அடிபடாமல் விழுந்தவரை எழுப்பவும் முறை உண்டு. ஒருக்களித்துப் படுக்க வைத்து, கை ஊன்றி மண்டியிட வைத்து, முன்னால் உறுதியான நாற்காலியைப் போட்டு அதைப் பிடித்து அவராகவே எழும்படி விடுங்கள். நீங்கள் பின்னால் இன்னொரு நாற்காலியோடு தயாராக இருந்தால் போதும். இதை விழாத நாளிலேயே ஒரு தடவை ஒத்திகை பார்த்துவைப்பது நல்லது.

உதவிக்கு ஆள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதியோர் மருத்துவம் என்று தனிப் பிரிவே இருப்பது பலருக்குத் தெரியாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கான எம்.டி. படிப்பு 1996-லேயே தொடங்கிவிட்டது. கிண்டியில் முதியோருக்கான தேசிய மையம் 2024-ல் திறக்கப்பட்டது. ஐந்து டாக்டரின் சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது முதியோர் மருத்துவர்களின் வேலை. தனியே இருக்கும் பெரியவர்களுக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. பெரியவர்கள் விழுந்ததை மறைப்பார்கள். சொன்னால் வெளியே விடமாட்டார்கள், பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோம் என்ற பயம். முழங்கையில் சிராய்ப்பைக் கண்டு கேட்டால், “கதவுல இடிச்சுக்கிட்டேன்” என்பார்கள். திட்டுகிற வீட்டில் உண்மை வெளியே வராது. உண்மை வராவிட்டால் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, “இந்த வருஷம் எங்கேயாவது தடுமாறினீங்களா? எங்கே, என்ன நேரம், அதுக்கு முன்னாடி என்ன செஞ்சுட்டிருந்தீங்க?” என்று நிதானமாகக் கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டு, உட்காரச் சொல்லாதீர்கள். பாத்ரூமில் கம்பி அடிக்க ஆளைக் கூப்பிடுங்கள்.